வெள்ளி ரூபாய்க்கு மூன்று விலை: மலை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய காசுகளின் அச்சு வரலாறும் மதிப்பும்

வெள்ளியின் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து நீலகிரியில் ஒரே கேள்வி இரண்டு வடிவங்களில் எழுகிறது. பாட்டி விட்டுச் சென்ற ராணித் தலைக் காசுகளை நகைக்கடையில் எடை போட்டு விற்றுவிடலாமா என்பது ஒரு வடிவம். இதே காசுக்கு லட்ச ரூபாய் தருவதாகக் கைப்பேசியில் செய்தி வந்திருக்கிறதே, நகைக்கடைக்காரர் ஏன் எடைக்குரிய வெள்ளி விலை மட்டுமே சொல்கிறார் என்பது மற்றொன்று. ஒரு காசுக்கு ஒரே விலைதான் இருக்கும் என்ற எண்ணமே இரண்டு குழப்பங்களுக்கும் வேர். வெள்ளி ரூபாய்க்கு எப்போதும் மூன்று விலைகள் உண்டு. அவற்றுள் எது எப்போது மேலே வந்தது என்பதே அதன் வரலாறு.

மூன்று விலைகள்

1. முகமதிப்பு: காசின் மீது பொறித்திருக்கும் தொகை. ஒரு ரூபாய், எட்டணா, நாலணா, இரண்டணா என்பவை இவ்வகை. அரசு ஆணையிட்டால் இது ஒரே நாளில் இல்லாமற்போகும்.

2. உலோக மதிப்பு: காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் அன்றைய சந்தை விலை.

3. சேகரிப்பு மதிப்பு: அந்தக் காசைக் காசாகவே வைத்துக்கொள்ள விரும்புகிற ஒருவர் தரும் விலை. எத்தனை காசுகள் எஞ்சியுள்ளன, எந்த நிலையில் எஞ்சியுள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்து இதை முடிவு செய்கின்றன. வயது மட்டுமே இதை உயர்த்துவதில்லை. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட 1880களின் ரூபாயைவிட அதற்கு 50 ஆண்டு இளைய ஒரு ரூபாய் பலநூறு மடங்கு விலை போவது இதனால்தான்.

ரூபாய் எடை என்னும் அளவு

பழைய ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். இதுவே ஒரு தோலா. நம் பக்கத்து நாட்டு மருந்துக்கடைகளில் இன்றும் வழங்கும் பலம் என்பது மூன்று தோலா, ஏறக்குறைய 35 கிராம். மூன்று வெள்ளி ரூபாயைத் தராசுத் தட்டில் வைத்து ஒரு பலம் நிறுத்த காலம் ஒன்று இருந்தது. பழைய கைமருந்துக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இந்த எடைதான். விலையோடு அதற்குத் தொடர்பில்லை.

அந்த 11.66 கிராமில் 12 பங்கில் 11 பங்கு தூய வெள்ளி, ஒரு பங்கு செம்பு. கணக்கிட்டால் தூய வெள்ளி 10.69 கிராம் வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்குகள் எல்லாம் எளிது. எட்டணாக் காசு இதில் சரிபாதி, நாலணா கால்பங்கு.

ஆர்க்காட்டு ரூபாயிலிருந்து கம்பெனி ரூபாய் வரை

தென்னிந்தியாவின் பழைய கணக்கு வராகன் என்ற தங்கக் காசிலும் 'பணம்' என்ற சிறு காசிலும் நடந்தது. வெள்ளி ரூபாய் முகலாயர் வழியாக வந்தது. கர்நாடக நவாபின் தலைநகரான ஆர்க்காட்டின் பெயரைத் தாங்கிய ரூபாயைச் சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நாணயச்சாலைகளில் அடித்தார்கள். பிரெஞ்சுக்காரரின் காசில் பிறைக் குறியும், சென்னைக் காசில் தாமரைக் குறியும் இருக்கும். சென்னை ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு என்ற பெயர் நிலைத்திருப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலையால்தான்.

இக்காசுகளில் கவனிக்கவேண்டிய ஒன்று, அவற்றின் தேதி. சென்னையில் அடித்த ஆர்க்காட்டு ரூபாய்களில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற இஸ்லாமிய ஆண்டும், ஆட்சியாண்டு 6 என்ற குறிப்பும் இருக்கும். ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். ஆனால் அவர் பெயரில் காசு அடிப்பது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது, ஏனெனில் மக்கள் நம்பியது அந்தப் பெயரைத்தான். காசில் காணும் ஆண்டு வேறு, காசு அடிக்கப்பட்ட ஆண்டு வேறு என்ற இந்தப் பழக்கம் விக்டோரியா காலத்திலும் தொடர்ந்தது. சேகரிப்பாளர்களின் தலைவலி பாதிக்குமேல் இதனால் வருவதே.

1807, 1808ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சென்னையில் ஒரு வித்தியாசமான வெள்ளிக் காசு அடிக்கப்பட்டது. ஒருபுறம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோயில் கோபுரம், மறுபுறம் திருமால் உருவம், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. அரை வராகன், கால் வராகன் என்ற மதிப்புகளில் வந்த இவற்றுள் பல, கப்பலில் வந்த ஸ்பானிய டாலர்களின் மீதே அச்சிடப்பட்டவை. கோபுரத்தின் அடியில் பழைய எழுத்தின் நிழல் தெரிகிற காசும் உண்டு. தமிழ் எழுத்துள்ள கம்பெனி வெள்ளி என்பதால் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்களிடையே இதற்கு எப்போதும் கிராக்கி.

1818 ஜனவரியில் சென்னை மாகாணத்தில் ரூபாயே கணக்கு நாணயமாக அறிவிக்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வகுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். தோடர்களிடம் அவர் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியதாகச் சொல்லப்படுகிறதே, அந்த ரூபாயில் எந்த ஆங்கில அரசரின் தலையும் இல்லை. பாரசீக எழுத்துகளும், இறந்து 60 ஆண்டுகள் ஆன முகலாயரின் பெயருமே இருந்திருக்கும்.

மலைக்குக் காசு கோயம்புத்தூர் வழியாக மட்டும் வரவில்லை. மைசூரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தது. படகர்களின் இறுதிச் சடங்கில், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவருக்கு நெய்யில் தோய்த்துக் கொடுக்கும் வீரராய பணம் என்னும் மிகச் சிறிய தங்கக் காசு மேற்குக் கரையிலிருந்து வந்ததே.

1835: எல்லா மாகாணங்களுக்கும் ஒரே ரூபாய்

1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டத்தின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. நான்காம் வில்லியமின் தலை பொறித்த அந்தக் காசின் எடை, சென்னை ரூபாய் முன்பே கொண்டிருந்த 180 கிரெயின்தான். நாடு முழுவதும் நம் ஊர் எடைக்கு வந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இனி வீடுகளில் உண்மையில் கிடைக்கும் காசுகளுக்கு வருவோம்.

1. 1835 என்ற ஆண்டு பொறித்த நான்காம் வில்லியம் ரூபாய். தலையின் கழுத்து வெட்டில் சிறிய எழுத்துகள் சில காசுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அந்த எழுத்தைப் பொறுத்து விலை மாறும்.

2. 1840 என்ற ஆண்டு பொறித்த இளம் விக்டோரியா ரூபாய், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்ற எழுத்துடன். இதில் ராணியின் பெயர் தலைக்கு மேலே தொடர்ச்சியாக ஓடுவது ஒரு வகை. தலையின் இருபுறமும் பிரிந்து நிற்பது இன்னொரு வகை. 1862 வரை அடித்த எல்லாக் காசிலும் 1840 என்றே இருக்கும்.

3. 1862 என்ற ஆண்டு பொறித்த, முடியணிந்த விக்டோரியா ரூபாய். கம்பெனி ஆட்சி முடிந்து நேரடி அரசாட்சி வந்தபின் எழுந்த முதல் காசு. 1874 வரை இதிலும் ஆண்டு உறைந்தே நின்றது. பம்பாயில் அடித்தவற்றில் உண்மையான ஆண்டைக் குறிக்கச் சிறு புள்ளிகள் வைத்தார்கள். ஆகவே 1862 ரூபாய் ஒன்று கையில் கிடைத்தால், பூதக்கண்ணாடியை வைத்து ஆண்டெண்ணின் கீழும் 'ஒன் ருபி' என்ற எழுத்தின் மேலும் புள்ளி இருக்கிறதா, எத்தனை என்று எண்ணவேண்டும். பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும் இரண்டு காசுகளில் ஒன்று உலோக விலைக்கும் மற்றொன்று அதைப்போல் பல மடங்குக்கும் போவது இந்தப் புள்ளிகளால்தான்.

4. 1874 முதல் உண்மையான ஆண்டு பொறிக்கப்பட்டது. 1877இல் 'குயின்' என்ற எழுத்து 'எம்ப்ரஸ்' என்று மாறியது. விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூட்டிக்கொண்டதன் விளைவு. 1877 முதல் 1901 வரையுள்ள ரூபாய்களே மலை வீடுகளில் மிகுதி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறிய 1899ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டக் கூலியும் சந்தைக் கணக்கும் இந்தக் காசிலேயே நடந்தன.

5. 1903 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்டு. தலையில் கிரீடம் இல்லாததால் 'மொட்டைத் தலை ராஜா' என்று சொல்லப்படுவது இவர்தான்.

6. 1911 முதல் 1922 வரை ஐந்தாம் ஜார்ஜ். பின்பு 1938, 1939 தேதிகளில் ஆறாம் ஜார்ஜ். இடையிலுள்ள ஆண்டுகளில் ஒரு ரூபாய்க் காசு புழக்கத்துக்கு அடிக்கப்படவே இல்லை. '1930 ரூபாய்' என்று ஒன்றை யாராவது நீட்டினால் கையில் வாங்கிப் பார்க்கவும் தேவையில்லை.

நாணயச்சாலைக் குறியும் பார்க்கவேண்டும். பம்பாய்க் காசில் 'பி' என்ற ஆங்கில எழுத்தோ ஒரு புள்ளியோ இருக்கும். கல்கத்தாக் காசில் பெரும்பாலும் குறியே இருக்காது. 1943 முதல் 1945 வரை லாகூரில் அடித்தவற்றில் 'எல்' என்ற எழுத்து இருக்கும். சென்னை நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது.

வெள்ளிக்கும் ரூபாய்க்கும் இருந்த உறவு அறுந்த கதை

1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சிறு கட்டணம் கழித்து, ரூபாயாக அடித்து வாங்கிவரலாம். இதனால் முகமதிப்பும் உலோக மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்துக்கு மாறி வெள்ளியைச் சந்தையில் கொட்டின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி பெருகியது. ஏறத்தாழ 2 ஷில்லிங் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பிரிட்டிஷ் பவுன்) பெற்ற ரூபாய் 1890களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. இங்கிலாந்துக்குப் பவுனில் கட்டவேண்டிய தொகை ரூபாய்க் கணக்கில் வீங்கியதால், 1893 ஜூனில் அரசு நாணயச்சாலைக் கதவைத் தனியாருக்கு மூடிவிட்டது. பின்பு ரூபாயின் மாற்று விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸில், அதாவது பவுனுக்கு 15 ரூபாயில் நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து ரூபாய் தன் வெள்ளியைவிட அதிக மதிப்பு உடைய அடையாளக் காசு ஆனது.

முதல் உலகப்போர் இதைத் தலைகீழாக்கியது. 1 ஷில்லிங் 4 பென்ஸ் விகிதத்தில், இலண்டனில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸைத் தாண்டினால் ரூபாயை உருக்கி விற்பதே லாபம். 1917இல் அந்தக் கோடு தாண்டப்பட்டது. 1920 பிப்ரவரியில் விலை 89 பென்ஸைத் தொட்டது. காசுகள் பெட்டிக்குள் போயின, அல்லது உலைக்குள். அரசு 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டது. சிறு காசுகளை நிக்கல் கலப்பில் அடித்தது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்கீழ் தன் வெள்ளி டாலர்களை உருக்கிப் பிரிட்டனுக்கு விற்க, அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்திய ரூபாயானது. 1918, 1919, 1920 தேதியுள்ள ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் எங்கும் மலிந்து கிடப்பதன் காரணம் இதுவே. நூறாண்டு கடந்த காசுகளாக இருந்தும் இவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு அநேகமாக இல்லை.

இரண்டாம் உலகப்போரில் இதே நாடகம் மறுபடியும் நடந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் தாளைக் கொடுத்து வெள்ளியை வாங்க மக்கள் வரிசைகட்டினார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது: 50 விழுக்காடு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். 1941 முதல் 1943 வரை, விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் என்ற வரிசையில் பழைய தர வெள்ளிக் காசுகள் படிப்படியாகச் செல்லாதவை ஆக்கப்பட்டன. செல்லாது என்று அறிவித்தும் மாற்றப்படாமல் கம்பளிக்கு அடியில் தங்கிவிட்ட காசுகளே இப்போது வெளியே வருகின்றன.

1946, 1947ஆம் ஆண்டுகளில் வெள்ளி முற்றிலும் போய், பின்புறம் புலி பொறித்த நிக்கல் காசு வந்தது. 1947 ரூபாயும் ஆறாம் ஜார்ஜின் தலை தாங்கியதே; பளபளப்பும் குறையாது. வெள்ளி என்று நம்பி இதைப் பத்திரப்படுத்தியிருப்போர் ஏராளம். ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒருபோதும் ஒட்டாது.

அரிய காசுகள் எவ்வாறு அரியவை ஆகின்றன

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியில் அணிந்திருக்கும் விருது மாலையில் ஒரு சிறு யானை உருவம் உண்டு. அதன் தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது; குறிப்பாக முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. காசுகள் திரும்பப் பெறப்பட்டு, பெரும்பாலானவை உருக்கப்பட்டன. 1912இல் தும்பிக்கையைத் தெளிவாக நீட்டிப் புதிய அச்சு செய்தார்கள். 'பன்றி ரூபாய்' என்ற பெயரில் 1911க்கு இன்றும் தனி விலை இருக்கிறது. விரல் நகத்தில் கால்பங்குகூட இல்லாத ஓர் உருவத்தால் ஓர் ஆண்டின் காசே அரிதானது.

1939 தேதியிட்ட பம்பாய் ரூபாய் இன்னும் அரியது. பழைய தர வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய் இதுவே. வெள்ளி குறைப்பு வரவிருந்த நேரத்தில் அடிக்கப்பட்டதால் மிகச் சிலவே வெளியில் தங்கின. ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போவது இதுதான். கைப்பேசியில் வரும் லட்ச ரூபாய்ச் செய்திகளின் மூலவித்தும் இதுவாக இருக்கலாம். ஆனால் அதே காரணத்தால் போலிகளும் இதில்தான் மிகுதி. வேறு தேதியின் ஓர் எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிய காசுகள் சுற்றுகின்றன. வல்லுநர் பார்க்காமல் எந்த 1939ஐயும் வாங்கக்கூடாது, விற்கவும் கூடாது.

ஒரு காசு மாலையின் கணக்கு

கோத்தகிரிப் பக்கத்து வீடு ஒன்றில் 12 ரூபாய்க் காசுகள் கோத்த மாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஏழு விக்டோரியா, மூன்று ஐந்தாம் ஜார்ஜ், இரண்டு ஆறாம் ஜார்ஜ் 1944. கணக்குக்கு எளிதாக, வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கொள்வோம்; உண்மையான விலையை அன்றைய பத்திரிகையில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

முதல் பத்துக் காசுகளில் தூய வெள்ளி 106.9 கிராம், அதாவது 10,690 ரூபாய். 1944 காசுகளில் ஒவ்வொன்றிலும் 5.83 கிராம்தான், இரண்டுக்கும் சேர்த்து 1,166 ரூபாய். மொத்தம் 11,856. தேய்மானத்தால் ஒவ்வொரு காசும் ஓரிரு விழுக்காடு எடை இழந்திருக்கும். கடைக்காரர் உருக்குச் சேதத்துக்கும் ஒரு பங்கு கழிப்பார். எல்லாவற்றையும் 'கலப்பு வெள்ளி' என்று சொல்லி 1944 காசின் தரத்துக்கே விலை போடுவதும் நடக்கிறது. காசுகளைப் பிரித்து, இரண்டு குவியலாக எடை போடச் சொன்னால் அது நிற்கும். பாதி வெள்ளிக் காசைக் கண்டுபிடிக்க விளிம்பைப் பார்க்கவேண்டும். பழைய காசின் விளிம்பில் வரிவரியான கோடுகள் மட்டும் இருக்கும். 1940 முதல் 1945 வரையுள்ள ரூபாயில் அந்தக் கோடுகளின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும்.

இந்த மாலைக்குச் சேகரிப்பு மதிப்பு உண்டா? காசு ஒவ்வொன்றின் தலையிலும் நூல் கோக்க ஒரு காது (வளையம்) பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பற்று ராணியின் கிரீடத்தையோ ஆண்டெண்ணையோ மூடியிருக்கும். காதை வெட்டினாலும் வடு போகாது. துளையிட்ட காசுக்கும் இதே கதி. சேகரிப்பாளர்கள் இத்தகைய காசை உலோக விலைக்குமேல் அநேகமாகத் தொடமாட்டார்கள். நம் மலையின் காசுகளில் பெரும்பகுதி இந்த வகையாகவே இருப்பது ஒரு முரண்: எவ்வளவு பெருமையாக அணிந்தார்களோ, அவ்வளவுக்குச் சந்தையில் விலை இறங்கியது. ஆனால் மாலை மாலையாகவே, கோத்த நூலோடும் கொக்கியோடும், இன்ன ஊரில் இன்ன காலத்தில் செய்தது என்ற விவரத்தோடும் இருந்தால், நகைக் கலையாக அதற்கு வேறொரு மதிப்பு உண்டு. இரும்பு வேலைக்கும் வெள்ளி வேலைக்கும் பெயர்பெற்ற கோத்தர்கள் இருந்த மலை இது. பிரித்து எடை போட்ட கணத்தில் அந்த மதிப்பு போய்விடும்; என் கணிப்பில் இங்கு நடக்கும் மிகப் பெரிய இழப்பு அதுதான்.

நிலை: விபூதியும் கம்பளியும் செய்யும் வேலை

ஒரே ஆண்டுக் காசு இரண்டு, ஒன்று நன்றாகத் தேய்ந்தது, மற்றொன்று புழக்கத்துக்கே வராதது என்றால் விலை பத்து மடங்கு வேறுபடலாம். தலைமுடியின் இழைகள், அங்கியின் பூவேலை, இலைகளின் நரம்பு ஆகிய உயர்ந்த பகுதிகளே முதலில் தேயும். அவற்றைப் பார்த்துத்தான் நிலையை முடிவு செய்கிறார்கள். கூடவே, அடிக்கப்பட்டபோது வந்த இயல்பான மினுக்கம் எஞ்சியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள்.

பூசைப் பாத்திரத்தைப்போல் காசையும் விபூதி அல்லது புளி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். விபூதி மிக நுண்ணிய உராய்வுத் தூள். அது கறுப்பை மட்டும் எடுக்காது. மேல்தோலையும் மினுக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் விக்டோரியா ரூபாயைக் கண்டால் பழகிய சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். உரைகல்லில் உரசுவதும் கூடாது. விளிம்பில் விழும் அந்தக் கீறல் நிரந்தரம். எக்ஸ்ரே கருவியில் தரம் பார்க்கும் கடைக்குப் போனால் காசுக்குச் சேதம் இல்லை.

மலைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. வெள்ளி கறுப்பது ஈரத்தால் மட்டும் அன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். கம்பளியில் கந்தகம் இருக்கிறது. விறகுப் புகையிலும் உண்டு. கம்பளியில் சுற்றி அடுப்படிப் பரணில் வைத்த காசு, தென்மேற்குப் பருவமழை மூன்று மாதம் கொட்டும் கூடலூர்ப் பக்கத்து ஈரத்தில் கரிபோல் ஆவது இதனால்தான். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். மெல்லிய பிவிசி உறைகள் கொண்ட ஆல்பங்கள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும். பருத்தித் துணியோ கந்தகமற்ற தாள் உறையோ, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமோ போதுமானது.

போலியைக் கண்டறிய வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. எடை. நகைத் தராசில் 11.66 கிராமுக்குச் சற்றுக் குறைந்து, 11.3 வரை இருந்தால் தேய்மானம் என்று கொள்ளலாம். 11.8 காட்டினாலோ 10.5 காட்டினாலோ சந்தேகப்படவேண்டும்.

2. நீரில் எடை. தராசின் மீது நீருள்ள குவளையை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிடவேண்டும். பழைய தர ரூபாய்க்குத் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். பாதி வெள்ளிக் காசு 1.22 காட்டும். 1.3க்குமேல் போனால் அது வெள்ளிக் காசே அல்ல, ஜெர்மன் சில்வர் போன்ற ஒன்று. காதை வெட்டாமலும் கீறாமலும் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நம்பகமானது இல்லை. காது பற்றவைத்த காசில் மட்டும் எண் சற்றுத் தவறும்.

3. ஒலி. விரல்நுனியில் நிறுத்திச் சுண்டினால் நல்ல வெள்ளி 'கிண்' என்று நீண்டு ஒலிக்கும். அச்சில் ஊற்றி வார்த்த போலி மந்தமாக ஒலிக்கும். விரிசல் விழுந்த நல்ல காசும் அப்படி ஒலிக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது.

4. மேற்பரப்பு. வார்ப்புப் போலியில் குண்டூசி முனை அளவு துளைகளும், விளிம்பில் இரு பாதிகள் சேர்ந்த கோடும் தெரியும்.

இவற்றுக்கு அப்பாற்பட்ட ஒரு வகையும் உண்டு. ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன் உருவத்துடன், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று பொறித்த காசுகள் ஊட்டிச் சுற்றுலாச் சீசனில் பாதையோரத்தில் விற்பனைக்கு வருகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சேகரிப்பாளர்களிடம் இதற்கு விலையும் இல்லை. அரிசியை ஈர்க்கும், மின்சாரம் பாயும் என்ற கதைகளோடு இதைப் பெருந்தொகைக்கு விற்பது முழு மோசடி.

விற்கும்போதும் கண்டெடுக்கும்போதும் சட்டம்

பழைய காசுகளையும் தாள்களையும் வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், தன் சார்பில் கட்டணம் வாங்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. பதிவுக் கட்டணம், வரி, முன்பணம் என்று எதைக் கேட்டாலும் பேச்சு அங்கேயே முடியவேண்டும். காசு வாங்குகிறவர்தான் பணம் தரவேண்டும், விற்கிறவர் அல்லர்.

100 ஆண்டுக்குக் குறையாத காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. உள்நாட்டில் வீட்டில் வைத்திருப்பது குற்றமன்று. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வெளிநாட்டுப் பயணி ஒருவர் கூடுதல் விலை தருகிறார் என்று விற்பவர்களும், கடல் கடந்த உறவினருக்குத் தபாலில் அனுப்புகிறவர்களும் இதை அறிந்திருப்பதில்லை. 1925 வாக்கில் அடித்த காசுகள் வரை இப்போது இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அதாவது விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் எல்லாமே.

தேயிலைக்குக் குழி தோண்டும்போதோ பழைய வீட்டின் சுவரை இடிக்கும்போதோ காசுப் பானை கிடைத்தால் நிலை வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் அல்லது மண்ணோடு பிணைந்த ஒன்றில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையது என்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பொருளின் தன்மை, ஏறத்தாழ மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவை அந்தக் கடிதத்தில் இருக்கவேண்டும். சட்டம் எழுதிய நாளில் 10 ரூபாய் என்பது 10 தோலா வெள்ளி. அந்தத் தொகை பின்பு உயர்த்தப்படாததால், இன்று ஒரே ஒரு தேய்ந்த நாலணாக் காசு மண்ணிலிருந்து வந்தாலும் உதகமண்டலத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது.